கேட்கும் வலிமை: மோட்டார் சைக்கிளின் ஆற்றலும் கையாளுமையும்

ஒரு பொருளை வலியது என்று எப்போது சொல்லலாம் என்பது மெய்யியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் கேள்வி. பிறவற்றின்மேல் அது செலுத்தும் விசையின் அளவைக் கொண்டே வலிமையைக் கணக்கிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. தன்மேல் வந்து படும் ஏவலுக்கு அது எந்த அளவுக்கு இசைந்து கொடுக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது மறுதரப்பு. அரசியல் நூல்களிலும் அறநூல்களிலும் இவ்விரு தரப்பும் மோதிக்கொள்ளும்போது சான்றுகள் பெரும்பாலும் மன்னர்களின் வரலாற்றிலிருந்தும் போர்களிலிருந்தும் எடுக்கப்படுவதால், வென்றவன் வென்றது வலிமையாலா, அறிவாலா, காலம் கூடிவந்ததாலா என்று பிரித்துச் சொல்ல இயலாமல் வழக்கு முடிவின்றி நீள்கிறது. இரு தரப்பையும் அளந்து பார்க்க வாய்ப்பளித்த துறை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த பந்தய மோட்டார் சைக்கிள்களின் வடிவமைப்பில், எஞ்சினின் ஆற்றலுக்கும் வண்டியின் கையாளுமைக்கும் இடையே எழுந்த போட்டி, மெய்யியலாரின் அந்தக் கேள்வியை உலோகத்திலும் ரப்பரிலும் வைத்துச் சோதித்த போட்டியாகும். ஏவலை ஏற்கும் திறமே அடிப்படை வலிமை, செலுத்தும் விசை அதன்மேல் நின்றே வலிமையாகிறது என்பதே அந்தச் சோதனை காட்டும் முடிவு என்று இக்கட்டுரை கருதுகிறது.

ஆற்றல் என்ற சொல் இங்கே பொறியியலார் கொள்ளும் பொருளில் வருகிறது. ஒரு நொடிக்குள் 75 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலையின் வீதம் ஒரு குதிரைத்திறன். எஞ்சினின் கிராங்க் தண்டைத் திருகும் முறுக்குவிசையை அத்தண்டின் சுழற்சி வேகத்தோடு பெருக்கினால் கிடைப்பது ஆற்றல். இதை ஒரு கருவியில் பொருத்தி ஒற்றை எண்ணாகச் சொல்லிவிட முடிவதால்தான் விளம்பரங்களிலும் வாகனப் பட்டியல்களிலும் அது முதலிடம் பெறுகிறது. கையாளுமை அப்படிப்பட்டதன்று. ஓட்டுபவர் உடலாலும் கைகளாலும் தரும் குறிப்பை வண்டி எவ்வளவு விரைவாகவும் துல்லியமாகவும் ஏற்று நடக்கிறது, வளைவின் நடுவில் மேடுபள்ளம் வந்தால் எடுத்த கோட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறதா, டயரின் பிடிப்பு குறையத் தொடங்கும்போது அதை முன்கூட்டியே கைகளுக்குத் தெரிவிக்கிறதா என்னும் பல பண்புகளின் தொகுதி அது. வண்டி ஓட்டுபவர்கள் இதை ஹேண்ட்லிங் என்பார்கள். மனத்துக்குப் பிடித்த வண்டியைப் பற்றிப் பேசும்போது, சொன்ன பேச்சைக் கேட்கிறது என்பார்கள். இதை அளக்க ஒற்றை அலகு இல்லை. சட்டகத்தின் விறைப்பு, முன்ஃபோர்க்கின் சாய்வு, இரு சக்கர அச்சுகளுக்கும் இடைப்பட்ட வீல்பேஸ் என்னும் நீளம், எடை எங்கே குவிந்திருக்கிறது என்பது ஆகிய எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

ஆற்றலுக்கென்று சொல்லப்படும் எண், வண்டி நகரத் தொடங்கிய உடனே ஒரு வரம்பில் போய் முட்டுகிறது என்பதை முதலில் காண வேண்டும். மோட்டார் சைக்கிள் நீளத்தில் குறுகியது. ஓட்டுபவரோடு சேர்த்துப் பார்த்தால் அதன் எடைமையம் உயரத்தில் இருக்கிறது. பின்சக்கரம் தரையை உந்தும்போது எடை பின்னோக்கிச் சாய்ந்து முன்சக்கரத்தின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. முடுக்கம் ஏறத்தாழப் புவியீர்ப்பின் முடுக்கத்தைத் தொடும்போது முன்சக்கரம் தரையை விட்டே எழுந்துவிடுகிறது. ஓட்டுபவரோடு சேர்த்து 270 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வரம்பைத் தொடுவதற்கு வேண்டிய ஆற்றல், காற்றின் தடையைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால், ஏறத்தாழ 100 குதிரைத்திறன்தான். அந்த வேகத்தில் 200 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினும் 100 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினும் சாலைக்குத் தரக்கூடியது ஏறக்குறைய ஒன்றே. மிகுதி அனைத்தும் முன்சக்கரத்தைத் தூக்கவோ பின்டயரைச் சுழலவைத்துத் தேய்க்கவோ மட்டுமே பயன்படும். வேகம் கூடும்போது காற்றுத்தடையை வெல்ல வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்வதால், நீண்ட நேர்பாதையில் பெரிய எஞ்சினுக்கு உரிய மதிப்பு மீண்டும் வந்துசேர்கிறது என்பதும் உண்மையே. ஆனால் நேர்பாதை எதுவும் ஒரு வளைவிலிருந்து தொடங்கி இன்னொரு வளைவில் முடிகிறது.

வளைவில் என்ன நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்ப்பது இந்த ஆய்வுக்கு இன்றியமையாதது. ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டினால், அக்கோடு டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே விழும். இந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். பந்தயப் பாங்கில் செய்யப்படும் வண்டிகளில் அது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். டயர் இவ்வாறு அச்சுக்குப் பின்னே இழுபட்டு வருவதால் முன்சக்கரம் தானாகவே நேர்ப்படுகிறது. வேகத்தில் வண்டி உறுதியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வலப்பக்கம் திரும்ப விரும்பும் ஓட்டுநர் வலக்கைப்பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ளுகிறார். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பி அடியிலிருந்து விலக, வண்டியின் உடல் வலப்பக்கம் சாய்கிறது. சாய்வு வேண்டிய அளவை எட்டியதும் சக்கரமும் தானே வலப்புறம் திரும்பிச் சாய்வோடு இணங்கிக்கொள்கிறது. எதிர்த்திசைத் திருப்பம் எனப்படும் இந்த நிகழ்ச்சி ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். அந்தச் சிறு பொழுதில் சட்டகம் முறுக்கிக்கொண்டால், முன்சக்கரத்தின் தளமும் பின்சக்கரத்தின் தளமும் ஒன்றிலிருந்து ஒன்று விலக, கை சொன்னது ஒன்றும் டயர் செய்வது வேறொன்றுமாகப் போய்விடும். இவ்வளவையும் தாங்கி நிற்பது ஒவ்வொரு டயரின் அடியிலும் உள்ளங்கை அகலமே உள்ள ரப்பர்ப் பரப்பு. எஞ்சினின் ஆற்றல் முழுவதும் அந்த உள்ளங்கை அகலத்தின் சம்மதத்தைப் பெற்றுத்தான் இயக்கமாக மாற வேண்டும்.

இனி வரலாறு. 1950இல் இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனத்திடம் இருந்தது வடிவமைப்பில் பழமைப்பட்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின். இத்தாலியின் கிலேராவிடம் இருந்ததோ அதைவிடக் கூடுதல் குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். இந்தக் குறையை நார்ட்டன் எஞ்சினில் ஈடுசெய்ய முயலவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ், தம் சகோதரர் க்ரோமியுடன் சேர்ந்து, எஞ்சினை இருபுறமும் தழுவிச் செல்லும் இரட்டைக் குழாய்களாலான சட்டகத்தையும், பின்சக்கரத்தை ஏந்தி மேலும் கீழும் அசையும் ஸ்விங்ஆர்ம் என்னும் கரத்தையும் கொண்ட புதிய வண்டியை உருவாக்கினார். அதை ஓட்டிப் பார்த்த ஹரால்ட் டேனியல் என்ற பந்தய வீரர், இறகு மெத்தையில் படுத்தது போல இருக்கிறது என்ற பொருள்படச் சொன்னதால் ஃபெதர்பெட் என்ற பெயர் அந்தச் சட்டகத்துக்கு நிலைத்துவிட்டது. அந்த ஆண்டு மேன் தீவின் டி.டி. பந்தயத்தில் சீனியர், ஜூனியர் ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களையும் நார்ட்டனே பிடித்தது. உலகப் பட்டத்தை மட்டும் நார்ட்டனின் ஜெஃப் டியூக் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் கிலேராவின் உம்பெர்ட்டோ மசெட்டியிடம் இழந்தார். இரு பந்தயங்களில் டயர்கள் சிதைந்ததே அதற்குக் காரணம் என்பது கருதத்தக்கது. 1951இல் 350 சிசி, 500 சிசி ஆகிய இரு பட்டங்களும் டியூக்குக்கே கிடைத்தன. ஆற்றலில் குறைந்த வண்டி, கையாளுமையால் ஆற்றலில் மிகுந்த வண்டியை வென்றது என்று இவ்வரலாற்றை இத்தோடு முடித்துவிடுவோர் பலர். ஆனால் உண்மையான பாடம் அடுத்த அத்தியாயத்தில் இருக்கிறது. 1953இல் டியூக் கிலேராவுக்குச் சென்றார். அவருடைய பரிந்துரைகளின்படி கிலேராவின் சட்டகம் திருத்தப்பட்டது. 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து 500 சிசி பட்டம் அவருடையதாயிற்று. கிலேராவின் எஞ்சினில் ஏற்கெனவே இருந்த ஆற்றல், அதைத் தாங்கிக் கேட்கும் உடல் கிடைத்த பிறகே அசைக்க முடியாத வலிமையானது.

இந்த நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ளும் கருத்துக்கருவி அரிஸ்டாட்டிலின் மெய்யியலில் உள்ளது. மெட்டாஃபிசிக்ஸ் என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியில் அவர் ஆற்றலைப் பற்றி விரிவாக ஆராய்கிறார். பிறிதொன்றில் மாற்றத்தை உண்டாக்கும் திறத்தை மட்டும் ஆற்றல் என்று கொள்வது போதாது என்பதும், பிறிதொன்றால் மாற்றம் பெறும் திறமும் ஆற்றலே என்பதும் அவர் கொள்கை. நெருப்பு எரிக்கும் ஆற்றல் உடையது என்றால், எரியக்கூடியது எரியும் ஆற்றல் உடையதாக இருந்தால்தான் அது பொருள்படும். இவ்விரண்டும் ஒரு நோக்கில் ஒரே ஆற்றல்தான் என்றும் அவர் கருதுகிறார். தொடர்ந்து அவர் இன்னொரு வேறுபாட்டைக் காட்டுகிறார். வெப்பம் சூடாக்க மட்டுமே வல்லது. அதற்கு வேறு வழி தெரியாது. மருத்துவக் கலையோ நோயைத் தீர்க்கவும் வல்லது, நோயை உண்டாக்கவும் வல்லது; அறிவோடு கூடிய ஆற்றல்கள் எல்லாம் இவ்வாறு எதிர்மறைகள் இரண்டுக்கும் உரியவை; அவற்றுள் எது நிகழ வேண்டும் என்பதை விருப்பமும் தெரிவும் முடிவு செய்கின்றன. மோட்டார் சைக்கிளில் இவ்வேறுபாடு கண்ணெதிரே நிற்கிறது. எஞ்சினின் ஆற்றல் ஒருவழிப்பட்டது. எரிபொருள் எரிந்தால் தண்டு சுழலும், அவ்வளவே. கையாளுமை இருவழிக்கும் உரியது. இடமும் வலமும், விரைதலும் தணிதலும், நிமிர்தலும் சாய்தலும் அதனுள் ஒருங்கே இருக்கின்றன. அரிஸ்டாட்டிலின் அளவுகோலை ஏற்றுக்கொண்டால், அறிவோடு சேரத்தக்க ஆற்றல் என்னும் உயர்ந்த வகையைச் சார்ந்தது கையாளுமையே என்று சொல்ல வேண்டும். குதிரைத்திறனை ஆண்மைக்கும் கையாளுமையை நயத்துக்கும் உரியதாகப் பிரித்துப் பேசும் பொதுவழக்கு, ஒரே ஆற்றலின் இரு முகங்களை இரு பொருள்களாக மயங்கிக்கொண்டதன் விளைவாகும்.

ஏற்கும் திறம் குறைந்த இடத்தில் அந்தக் குறையை யார் சுமக்கிறார்கள் என்பதற்கு ஹோண்டாவின் கதை விடை தருகிறது. 1966இல் ஹோண்டா முதன்முறையாக 500 சிசி உலகப் பந்தயத்துக்குள் நுழைந்தபோது, அதன் ஆர்.சி.181 என்னும் நான்கு சிலிண்டர் வண்டியின் ஆற்றல் 85 குதிரைத்திறனை ஒட்டி இருந்தது. அக்காலத்தில் அது மிகப் பெரிய அளவு. சட்டகமோ அந்த ஆற்றலுக்கு ஈடுகொடுக்கவில்லை. வேகமான வளைவுகளில் வண்டி பக்கவாட்டில் நெளிந்தது. உலகின் தலைசிறந்த வீரராக மதிக்கப்பட்ட மைக் ஹெயில்வுட் அதன் கையாளுமையை வெளிப்படையாகவே குறை கூறினார். அவருக்கு எதிரே ஜாக்கோமோ அகோஸ்தினி, எம்.வி. அகுஸ்தாவின் மூன்று சிலிண்டர் வண்டியில் இருந்தார். அது மெலிந்தது, ஆற்றலில் சற்றுக் குறைந்தது, ஆனால் சொன்ன இடத்தில் நின்றது. 1967ஆம் ஆண்டின் முடிவில் இருவரும் 46 புள்ளிகள், இருவருக்கும் ஐந்து வெற்றிகள். இரண்டாம் இடங்கள் கூடுதலாக இருந்ததால் பட்டம் அகோஸ்தினிக்குப் போனது. ஹெயில்வுட் முன்னணியில் சென்ற மோன்சா பந்தயத்தில் கியர்பெட்டி பழுதானது என்பதால், தோல்விப் பழி முழுவதையும் சட்டகத்தின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் அதே ஆண்டு மேன் தீவில் நடந்ததை விலக்கிவிட முடியாது. மலைப்பாதை எனப்படும் அந்த 60.7 கிலோமீட்டர்ச் சுற்றில், கல்மதில்களுக்கும் வீட்டுவாசல்களுக்கும் நடுவே, இதே அடங்காத வண்டியைக் கொண்டு ஹெயில்வுட் மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 1975 வரை யாராலும் முடியவில்லை. வண்டிக்கு இல்லாத கேட்கும் திறத்தை அந்த மனிதரின் தோள்களும் துணிவும் தந்தன. ஒரு கருவி ஏற்க மறுப்பதை அதை ஆள்பவர் தம் உடலால் ஈடுசெய்யும் நிலையைச் சாதனை என்று வியப்பது இயல்பு. அந்தக் கருவியை வலியது என்று புகழ்வது மட்டும் தவறு.

சமய நூல்களிலும் இதற்கு இணையான சிந்தனை உண்டு. கடோபநிடதம் உடலைத் தேராகவும், ஆன்மாவைத் தேரில் அமர்ந்தவனாகவும், புத்தியைத் தேர்ப்பாகனாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகப்படுத்துகிறது. பிளேட்டோவின் ஃபேட்ரஸ் உரையாடலிலும் ஆன்மா இரு குதிரைகள் பூட்டிய தேராக வருகிறது. அவற்றுள் ஒன்று சொல்லுக்கே கட்டுப்படுவது, மற்றொன்று சாட்டைக்கும் எளிதில் பணியாதது. இவ்வுருவகங்களைப் பொதுவாக ஆசையை ஒடுக்கும் போதனையாகவே விளக்குவது வழக்கம். அவற்றை உற்றுப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். குதிரைகளைப் பட்டினி போட்டு மெலியவைக்கும்படி உபநிடதம் சொல்லவில்லை. அடங்காத குதிரைகளுக்கும் பாகனின் வசப்பட்ட நல்ல குதிரைகளுக்கும் உள்ள வேறுபாட்டையே சொல்கிறது. பிளேட்டோவின் நல்ல குதிரை ஓட்டத்தில் குறைந்தது அன்று; கேட்பதில் தேர்ந்தது. கடிவாளத்தை ஏற்கும் வாய் குதிரைக்கு ஒரு குறையாக எங்கும் எண்ணப்படவில்லை, ஏனெனில் தேர் சேர வேண்டிய இடத்தைச் சேர்வது அந்த ஏற்பினால்தான். புலனடக்கத்தை ஆற்றல் இழப்பாகக் கருதி அஞ்சுவோருக்கும், ஆற்றலைப் புலனடக்கத்தின் பகையாகக் கருதி வெறுப்போருக்கும், இரு மரபுகளும் ஒருசேர விடை சொல்லியிருக்கின்றன.

சைவ சித்தாந்தம் இந்த ஆய்வுக்கு இன்னும் நுட்பமான ஒரு கருத்தைத் தருகிறது. சக்தி சிவத்தை விட்டுப் பிரியாதது என்பது அதன் அடிப்படை. அந்தச் சக்தி உயிர்களிடம் அருளாகப் பதியும் நிகழ்ச்சியைச் சத்திநிபாதம் என்று அது அழைக்கிறது. இந்தப் பதிவு எல்லா உயிர்க்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும், உயிரின் பக்குவமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று ஆசிரியர்கள் வகுத்திருக்கிறார்கள். அளவற்ற ஆற்றல் தன்னை ஏற்பவரின் தகுதிக்கேற்ப அளந்து தருகிறது என்பதும், அவ்வாறு அளந்து தருவதால் அந்த ஆற்றலுக்குக் குறைவு நேரவில்லை என்பதும் இக்கோட்பாட்டின் உயிர்நாடி. இறையருளையும் எஞ்சினையும் ஒன்றாக வைப்பது இங்கே நோக்கமன்று. அப்படி வைப்பது இரண்டையும் சிறுமைப்படுத்தும். ஆற்றலுக்கும் அதை ஏற்பதற்கும் இடையிலுள்ள உறவைச் சித்தாந்தம் எந்த அமைப்பில் சிந்தித்ததோ, அதே அமைப்பைப் பொறியாளர்களும் தம் வழியில் கண்டடைந்தார்கள் என்பதே கருத்து.

அவர்கள் கண்டடைந்த விதம் பின்வருமாறு. 1980களின் இறுதியில் 500 சிசி இருவீச்சு எஞ்சின்கள் கொண்ட பந்தய வண்டிகள், பின்டயர் திடீரெனப் பிடிப்பை இழந்து மீண்டும் பிடிக்கும்போது ஓட்டுநரைத் தூக்கி எறியும் அளவுக்கு ஆற்றல் மிகுந்தவையாக இருந்தன. 1992இல் ஹோண்டா தன் என்.எஸ்.ஆர்.500 வண்டியின் நான்கு சிலிண்டர்களும் சீரான இடைவெளியில் வெடிக்கும் முறையை மாற்றி, ஒரு சுற்றின் சிறிய பகுதிக்குள் நான்கும் அடுத்தடுத்து வெடிக்கும்படி அமைத்தது. பிக் பேங் எனப்பட்ட இந்த எஞ்சினில், வெடிப்புகளுக்குப் பின் வரும் நீண்ட ஓய்வில் டயரின் ரப்பர் இழந்த பிடிப்பை மீட்டுக்கொள்ள அவகாசம் கிடைத்தது. ஆற்றலின் உச்ச அளவு பெருகாமலே, அதைத் தரும் முறை மட்டும் ஏற்பவருக்கு இணங்க மாறியது. அந்த ஆண்டின் முதல் நான்கு பந்தயங்களையும் மிக் டூஹான் வென்றார். நெதர்லாந்தில் விழுந்து காலில் கடுமையாகக் காயமடையாதிருந்தால் பட்டமும் அவருக்கே சென்றிருக்கக்கூடும். யமஹா பின்னாளில் இதே திசையில் மேலும் சென்றது. வழக்கமான நான்கு சிலிண்டர் எஞ்சினில் எல்லாப் பிஸ்டன்களும் ஒரே கணத்தில் உச்சியிலோ அடியிலோ நின்றுவிட்டுப் புறப்படுவதால், எரிபொருள் தரும் முறுக்குவிசையோடு பிஸ்டன்களின் நிலைமத்தால் எழும் ஏற்றத்தாழ்வும் கலந்துவிடுகிறது; தம் மணிக்கட்டு கேட்டது எது, எஞ்சின் தானாகச் சேர்த்தது எது என்று ஓட்டுநரால் பிரித்தறிய முடிவதில்லை. மசாவோ ஃபுருசாவாவின் தலைமையில் இயங்கிய யமஹா பொறியாளர்கள், கிராங்க் தண்டின் முனைகளை 90 பாகை இடைவெளியில் குறுக்காக அமைத்து அந்தக் கலப்பைப் பெருமளவு நீக்கினார்கள். 2004இல் ஹோண்டாவை விட்டு யமஹாவுக்கு வந்த வாலன்டினோ ரோஸி, தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் நடந்த முதல் பந்தயத்திலேயே வென்று, நேர்பாதை வேகத்தில் ஹோண்டாவுக்குப் பின்தங்கிய அந்த வண்டியைக் கொண்டு அவ்வாண்டின் உலகப் பட்டத்தையும் பெற்றார். 1992க்குப் பின் யமஹாவுக்கு அந்த வகுப்பில் பட்டமே கிடைத்திருக்கவில்லை.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது முறையன்று. 2007இல் டுகாட்டி நிறுவனத்தின் வண்டி, திருப்புவதற்குக் கடினமானது என்று அறியப்பட்டதாயினும், நேர்பாதையில் மற்ற எல்லா வண்டிகளையும் பின்தள்ளியது; அதில் கேஸி ஸ்டோனர் 18 பந்தயங்களுள் பத்தை வென்று உலகப் பட்டம் பெற்றார். ஆற்றலே வென்றது என்று இதைக் காட்டலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் வண்டியை 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகள் ஓட்டிய ரோஸி ஒரு பந்தயத்தில்கூட வெல்லவில்லை. முன்டயரின் பிடிப்பை உணர்ந்து வளைவுக்குள் நுழைவது ரோஸியின் முறை. பின்சக்கரத்தை ஆக்சிலரேட்டரால் வழுக்கவைத்து வண்டியைத் திருப்புவது ஸ்டோனரின் முறை. ரோஸிக்குச் செவிடாக இருந்த அதே இயல்புள்ள வண்டி ஸ்டோனரின் மொழியைக் கேட்டது. இதிலிருந்து பெறப்படுவது, ஏற்கும் திறம் வண்டிக்குள் மட்டும் அடங்கிய பண்பு அன்று, ஏவுபவருக்கும் ஏற்பதற்கும் இடையே நிலவும் உறவு என்பதே. டூஹான் 1997இல் பழைய சீரான வெடிப்பு எஞ்சினுக்குத் திரும்பி 15 பந்தயங்களுள் 12ஐ வென்றதும் இதற்கு மற்றொரு சான்று. மற்றவர்களை அச்சுறுத்திய அந்த எஞ்சினின் கூரிய ஆற்றலை ஏற்கும் பக்குவம் ஐந்து ஆண்டுப் பழக்கத்தில் அவருக்கு வந்திருந்தது. ஆகவே மேற்சொன்ன மறுப்பு, ஏற்கும் திறம் எங்கே குடியிருக்கிறது என்ற இடத்தைத்தான் திருத்துகிறது. அதன் முதன்மையை மறுக்கவில்லை.

அறவியல் நோக்கில் எழும் கேள்வி இதைவிடக் கடுமையானது. கையாளுமை சிறந்த வண்டி ஓட்டுபவருக்கு நம்பிக்கையைத் தருகிறது. நம்பிக்கை வேகத்தைக் கூட்டுகிறது. கூடிய வேகத்தில் நேரும் விபத்து மரணமாகிறது. மேன் தீவின் மலைப்பாதையில் 1911 முதல் இன்றுவரை 250க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் தம் காலத்தின் மிகச் சிறந்த வண்டிகளில் இருந்தவர்கள். கையாளுமையைப் புகழ்வது ஆபத்தை மறைப்பதாகாதா என்று கேட்பவருக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். நல்ல கையாளுமை எல்லையை இல்லாமல் ஆக்குவதில்லை. எல்லை நெருங்குவதைப் படிப்படியாகத் தெரிவிக்கிறது. டயரின் பிடிப்பு குறையும்போது ஹேண்டில்பாரின் கனம் மெல்ல மாறுவதும், பின்பக்கம் சிறிதளவு நகர்ந்து எச்சரிப்பதும் கேட்கும் வண்டியின் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டும் கேளாமல் போகும் உரிமை மனிதருக்கு இருக்கிறது. அது வண்டியின் குற்றமாகாது. எச்சரிக்காமல் கைவிடும் வண்டியை விற்பதுதான் குற்றம். 1969இல் கவாசாகி வெளியிட்ட எச்1 என்னும் 500 சிசி வண்டி, 60 குதிரைத்திறனைத் திடீரென அவிழ்த்துவிடும் எஞ்சினையும் அதற்கு ஈடுகொடுக்காத சட்டகத்தையும் கொண்டு சாதாரண சாலைக்கு வந்தது. அதன் கையாளுமைக்குக் கிடைத்த கெட்ட பெயர் இன்றும் மறையவில்லை. ஹெயில்வுட்டுக்கு இருந்த தோள்களும் அனுபவமும் இல்லாத இளைஞர்களிடம் ஹெயில்வுட் பட்ட பாட்டை விலைக்கு விற்பது போன்ற செயல் அது.

இன்றைய நிலை வேறு. 2009இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. எஸ்1000ஆர்ஆர் 193 குதிரைத்திறனோடு சக்கரச் சுழலைத் தணிக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் கொண்டிருந்தது. அதற்குப் பின் சில ஆண்டுகளில், வண்டி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதை உணரிகளால் அளந்து, வளைவிலும் பிரேக்கை முறைப்படுத்தும் அமைப்புகள் வந்தன. ஏற்கும் திறத்தின் பெரும்பகுதி இப்போது கணினியின் வேலையாகிவிட்டது. இது உயிர்களைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பை 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இந்தியா கட்டாயமாக்கியது நல்ல சட்டம். ஆனால் மணிக்கட்டு எவ்வளவு தவறாகக் கேட்டாலும் கணினி அதைத் திருத்தி டயருக்குச் சொல்லும்போது, ஓட்டுபவருக்குத் தம் தவறு தெரியவே தெரியாது. தெரியாத தவறு பக்குவமாக மாறாது. 200 குதிரைத்திறனை ஆளும் தகுதி தமக்கு வந்துவிட்டதாக நம்பும் ஒருவர் உண்மையில் அத்தகுதியைக் கடனாகப் பெற்றவர். பாதுகாப்புக் கருவிகளை வேண்டாமென்று ஒதுக்குவது அறிவீனம். அவை தரும் தகுதியைத் தம்முடையதாக எண்ணுவது அதைவிடப் பெரிய அறிவீனம்.

தடாவோ பாபா என்னும் பொறியாளர் ஹோண்டாவுக்காக உருவாக்கி 1992இல் வெளிவந்த ஃபயர்பிளேடு வண்டி, ஆற்றலில் தன் காலத்து 1000 சிசி வண்டிகளைவிடக் குறைந்தே இருந்தது. 893 சிசி எஞ்சினும் எரிபொருள் நிரப்பாத நிலையில் 185 கிலோ எடையும் கொண்டது அது. எடையைக் குறைத்து, எஞ்சினைச் சுருக்கி, கை சொன்னதை உடனே செய்யும் வண்டியாக அதை ஆக்கிய பாபாவின் முடிவைப் பின்பற்றியே அதற்குப் பின் வந்த பெரிய பந்தயப்பாங்கு வண்டிகள் வடிவமைக்கப்பட்டன. இன்று புது வண்டி வாங்கச் செல்பவருக்குக் கிடைக்கும் விவரப் பட்டியலில் குதிரைத்திறன் முதல் வரியில் இருக்கும். எடை, வீல்பேஸ், முன்ஃபோர்க்கின் சாய்வு, ட்ரெயில் ஆகியவை அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தப் பட்டியலை வாங்குபவர் கீழிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். படித்த பின் வண்டியைக் குறைந்த வேகத்தில் சில வளைவுகளிலாவது ஓட்டிப் பார்த்து, தம் கை சொல்வதை அது கேட்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே முதல் வரிக்கு வர வேண்டும்.